வெள்ளி எழுத்துப் பனியன்

"அர்த்தம் கேட்டா அர்த்தத்தை மட்டும் சொல்லணும். அதுக்கு மேல எதுக்கு வாயை விட்டீக?"

சின்னத்தாய் இடுப்பில் இருந்த காலிக் குடத்தைக் கீழே வைக்காமலே கத்திக்கொண்டிருந்தாள். எட்டு நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணி வருகிற காம்பவுண்டில், குழாய் திறந்திருக்கும்போது ஒருத்தி தண்ணி பிடிக்காமல் சண்டை பிடிக்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வீட்டுக் குடங்களும் வரிசையில் நின்றன. குடத்துக்குச் சொந்தக்காரர்கள் யாரும் குழாயைப் பார்க்கவில்லை.

"ஏனுங், நானா வந்து சொன்னேன்? நீங்கதானே கூப்பிட்டுக் கேட்டீங்க. கேட்டதுக்குச் சொன்னேன். இங்கிலீஷ்காரன் வெச்ச அர்த்தத்தை உங்களுக்காக மாத்தியா சொல்ல முடியும்?" என்றாள் நிர்மலா.

நிர்மலாதான் காம்பவுண்டுக்குச் சொந்தக்காரி. முப்பத்தி நாலு வயசு. சின்னத்தாய்க்கு அவளைவிடப் பத்து வயசு கூடுதல் என்றாலும் அவளும் நிர்மலாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காரணம் இரண்டு. ஒன்று, மாசம் பிறந்தால் வாடகை வாங்குகிறவள். இன்னொன்று, திருப்பூர் வேலம்பாளையத்தில் அந்த வீதியிலேயே இங்கிலீஷ் தெரிந்த ஒரே பொம்பளை அவள்தான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

"மாத்திச் சொல்ல வேண்டாம். சிரிக்க வெச்சீகளே, அது எந்த ஊரு இங்கிலீஷ்?" என்றாள் சின்னத்தாய். "ஜாதகம் பொருந்தலைன்னு மாப்ள வீட்டுல தரகர்ட்டச் சொல்லி அனுப்பிட்டாக. பாத்து வெச்ச பொருத்தம் ஒரே வாரத்துல எப்படி அத்துப்போகும்? எம்புள்ளைக்கு இருபத்தொண்ணு ஆகுது. நாங்க கோவில்பட்டியில இருந்து இங்க வந்து பதினோரு வருசம். அதுக்கு வந்த மொத நல்ல எடம் இது."

நிர்மலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கடைசி வீட்டுக் கதவு திறந்தது. சின்னத்தாயின் மகள் விஜயராணி வெளியே வந்தாள். அவள் உடம்பில், சண்டைக்குக் காரணமான அந்தப் பனியன். இளஞ்சிவப்புத் துணி, நெஞ்சின் குறுக்கே பளபளவென்று வெள்ளி எழுத்து. அவள் சண்டைக்கு வரவில்லை. குரலும் உயரவில்லை. நேராக நிர்மலாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, இந்த வார்த்தை உங்களுக்கு நெசமாவே தெரியுமா?"

குழாயடியில் தண்ணி வழிந்து ஓடியது. நிரம்பிய குடத்தை நகர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"தெரியாமலா சொல்லுவாங்க" என்றாள் நிர்மலா. சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெரியாது. அதுதான் உண்மை. நிர்மலாவுக்கு அந்த வார்த்தை தெரியவே தெரியாது.

அவள் ஈரோட்டுப் பக்கம் ஒரு கான்வெண்டில் படித்தவள் என்பது பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, கழுத்தில் டை. அதற்கப்புறம் அப்பாவின் தறி நொடித்துப்போய் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். பத்தாவதில் இங்கிலீஷில் வாங்கியது முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். இந்த மூன்று மார்க் பள்ளம் மாமியார் தெய்வாத்தாளுக்குத் தெரியும், புருஷன் மோகன்ராஜுக்குத் தெரியும். காம்பவுண்டுக்குத் தெரியாது. காம்பவுண்டுக்கு டை மட்டும்தான் தெரியும்.

அதை வைத்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். கேஸ் கனெக்‌ஷன் ஃபாரமா, பேங்கிலிருந்து வந்த கடுதாசியா, மாத்திரை அட்டையா, எல்லாம் அவளிடம்தான் வரும். அவளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பாள். தெரிந்த நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் தன் கற்பனையால் நிரப்பிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். ஒரு தரம் காம்பவுண்டில் குடியிருக்கிற சாமியாத்தாள் வீட்டுப் புதுக் குக்கரின் புத்தகத்தைப் படித்து, வளையத்துக்கு தினம் எண்ணெய் தடவணும் என்று சொல்லிவிட்டாள். வளையம் ஊறி உப்பி, விசில் பறந்து மேல்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுகூட குக்கரைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள்.

இனி அந்தப் பனியன் கதை. விஜயராணியின் அப்பா குருசாமி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். போன தீபாவளிக்கு முன்னால், அங்கே ஒரு பெரிய ஆர்டர் நிறம் ஒரே மாதிரி வரவில்லை என்று ரிஜெக்ட் ஆகிவிட்டது. மலை மாதிரி குவிந்து கிடந்ததைத் தொழிலாளிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார்கள். குருசாமி ஒரு மூட்டை கொண்டுவந்து, காம்பவுண்டு முழுக்க ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தார். திருப்பூரில் இதெல்லாம் வழக்கம்தான். உலகத்தில் உள்ள வார்த்தையெல்லாம் இந்த ஊர் ஜனங்களின் நெஞ்சில் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. துணி கெட்டியா, சாயம் போகுமா, அவ்வளவுதான் கேள்வி.

இந்தத் துணி கெட்டி. சாயமும் போகவில்லை. அதனால் எல்லாரும் போட்டார்கள். குருசாமி போட்டார். சாமியாத்தாள் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கம்பெனியில் பீஸைச் சரிபார்க்கிற செக்கிங் வேலைக்குப் போனாள். மோகன்ராஜ் தன் ஆறு தையல் மெஷின் பட்டறைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனான். தெய்வாத்தாள், அறுபத்தெட்டு வயசில், எருமைக்குத் தீவனம் கரைக்கும்போது சேலை நனையக் கூடாது என்று அதை மாட்டிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கொடியைப் பார்த்தால் பத்துப் பதினைந்து பனியன் வரிசையாகத் தொங்கும். வெயிலில் வெள்ளி எழுத்து மினுங்கும். இ, என், டி, ஐ, சி, இ. எப்படி வாசிப்பது என்றுகூட யாரும் யோசித்ததில்லை. வெள்ளி எழுத்துப் பனியன் என்பார்கள், தீர்ந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள்.

மாப்பிள்ளை இசக்கிமுத்து, அருள்புரத்தில் கட்டிங் மாஸ்டர். அவர்களும் கோவில்பட்டிப் பக்கம்தான். முறையாகப் பெண் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை என்று பேச்சு. வேலம்பாளையத்தில் ஒரு புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். அம்மா நல்லம்மாள், இசக்கிமுத்து, கூட ஒரு பெரியப்பா. விஜயராணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாவாடைக்கு மேலே வெள்ளி எழுத்துப் பனியன், தோளில் ஒரு துண்டு. ஒற்றை அறை வீட்டில் அவர்கள் உட்கார்ந்த பிறகு, போய்ச் சேலை மாற்ற மறைவு ஏது? அப்படியே காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்லம்மாள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. பெண் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் காபி கொடுத்தது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. இசக்கிமுத்து டம்ளரை வாங்கும்போது விஜயராணி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்ததையும், அவன் காபியை ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதையும் வாசலில் நின்ற நாலு பெண்களும் பார்த்தார்கள். நாலாவது பெண் நிர்மலா. முறுக்குத் தட்டு கொடுக்கிற சாக்கில் வந்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அந்த வீதியில் ஒரு காபி ஆறியதில்லை.

நல்லம்மாள் பேச்சுக்குப் பேச்சாகத்தான் கேட்டாள், நெஞ்சுல என்னத்தா எழுதியிருக்கு என்று. தெரியாது அத்தை, கம்பெனி பீஸு என்றாள் விஜயராணி. அதோடு விட்டிருக்கலாம். சின்னத்தாய்தான், தன் பக்கத்துப் பெருமை ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், வாசலைக் காட்டி, எங்க நிர்மலா அக்கா கான்வெண்ட்ல படிச்சவுக, அவுககிட்டக் கேட்டாச் சொல்லுவாக என்றாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு மரியாதையோடு காலை மடக்கி உட்கார்ந்தார்.

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு நிர்மலாவுக்கு வரவில்லை. எழுத்தைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலின் அட்டையில், ஒரு பொம்பளையும் ஆம்பளையும் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்த படத்துக்குக் கீழே. அதேதானா, வேறு வார்த்தையா, நினைவில்லை. படம் நினைவிருந்தது. பிடித்துக்கொள்ள அது போதும்.

"அது வந்துங்க, ஆம்பளைங்கள மயக்கி இழுக்கறதுன்னு அர்த்தமுங்க" என்றாள்.

வாசலில் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வந்தால் நிர்மலாவால் நிறுத்த முடியாது. பாராட்டு மாதிரி அவளுக்கு. "வாங்க, வந்து பாருங்கன்னு நெஞ்சுல போர்டு மாட்டுன மாதிரின்னு வெச்சுக்கங்களே."

அப்புறம் சிரிக்காதவர் யாரும் இல்லை. துவைக்கிற கல்லடியில் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டு, தெரிந்துகொண்டு, அவர்கள் ஒரு தரம் சிரித்தார்கள். கொடி நிறைய அதே பனியன் ஆடிக்கொண்டிருந்ததை யாரும் அந்த நேரம் நினைக்கவில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் அதையே போட்டிருந்தார்கள். அதுவும் அவர்களுக்கு உறைக்கவில்லை.

விஜயராணி தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். உள்ளே போக உள் என்று ஒன்று இல்லாத வீடு. அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நல்லம்மாள் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தாள்.

இதுதான் நடந்தது. மூன்றாம் நாள் தரகர் வந்து ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மறுநாள் நல்ல தண்ணி வந்தது, சண்டையும் வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு வந்த நிர்மலாவை, தெய்வாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிழவி பேச்சில் சர்க்கரை போட்டுப் பழக்கமில்லாதவள்.

"மார்க்குச் சீட்டு பீரோவுலதான இருக்குது அம்மிணி? எடுத்து வாசல்ல ஒட்டட்டுமா?"

அன்றைக்குச் சாயந்திரமே கொடியிலிருந்து பனியன்கள் காணாமல் போக ஆரம்பித்தன. சாமியாத்தாள் வீட்டுப் பனியன் கரித்துணியானது. மோகன்ராஜ் தன்னுடையதைக் கிழித்து வண்டி துடைக்க வைத்துக்கொண்டான். காலையில் அவன் ஹேண்டில் பாரைத் துடைக்கும்போது வெள்ளி எழுத்தில் பாதி சுருண்டு சுருண்டு மினுங்கும். நிர்மலா கோலத்தைப் பாதியில் விட்டு உள்ளே போய்விடுவாள். அத்தனையில் ஒன்று மட்டும் கொடியில் மிச்சம் இருந்தது. விஜயராணி அதைத் துவைத்தாள், காயப்போட்டாள், போட்டாள். எழுத்து வெளியே தெரிகிற மாதிரித்தான் போட்டாள். வாசலைக் கடக்கும்போது நிர்மலாவின் ஜன்னல் பக்கம் திரும்புவதும் இல்லை, திரும்பாமல் இருக்க முயல்வதும் இல்லை. சும்மா நடந்து போனாள். நிர்மலாவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடச் சோறு இறங்கியிருக்கும்.

ஒரு புதன்கிழமை, பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நிர்மலா டவுன் நூலகத்துக்குப் போனாள். போனது மன்னிப்புக் கேட்கவோ மனசு திருந்தியோ இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தான் சொன்ன அர்த்தம் சரியாக இருந்துவிட்டால், சின்னத்தாய் முகத்தில் அதை வீசிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் போனாள்.

நூலகத்தில் முழுக்க ஆம்பளைகள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் ராக்கையா, ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், ஒல்லி, மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார். பையனுக்கு வீட்டுப்பாடம், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கணும் என்று ஒரு சாக்குச் சொன்னாள். கையில் எழுதிக் கொண்டுவந்த சீட்டைக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பையன் என்ன படிக்கிறான் என்றார். மூணாவது என்று வாயில் வந்துவிட்டது.

"மூணாப்புக்கா இந்த வார்த்தை?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

நிர்மலாவுக்குக் காது சுட்டது. பேப்பருக்குப் பின்னால் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் தன்னையே பார்ப்பதாக நினைத்தாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. "எனக்குத்தானுங்க" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. "தெரியாமத்தான் கேக்கறனுங்க."

"எனக்கும் தெரியாதும்மா. தெரியாததுக்குத்தானே புஸ்தகத்தை அடுக்கி வெச்சிருக்காக" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறக்கப் போனார். பன்னிரண்டு வருஷமாகத் தன் தொண்டையில் முள் மாதிரி நின்ற ஒரு வார்த்தையை ஒரு மனுஷன் இவ்வளவு லேசாகச் சொல்கிறானே என்று அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையணை தண்டிக்கு ஒரு அகராதி வந்தது. ராக்கையா விரலை ஓட்டி இடத்தைக் கண்டுபிடித்தார். எண்டைஸ் என்று வாசித்துக் காட்டினார். ஆசை காட்டி இழுக்கிறது, மயக்கித் தன் பக்கம் வரவைக்கிறது என்று போட்டிருந்தது. நிர்மலாவுக்கு மூச்சு வந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம். குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டிருக்கிறது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பப் போனாள்.

"இருங்கம்மா, கீழ வேர் போட்டிருக்கான்" என்றார் ராக்கையா. அவருக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. மெதுவாக ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தமிழில் சொன்னார். ரொம்பப் பழைய காலத்தில், லத்தீன் என்கிற பாஷையில், எரிகிற கட்டைக்கு ஒரு பேர் இருந்ததாம். நம்ம கொள்ளிக்கட்டை. அதிலிருந்துதான் அநேகமாக வந்திருக்கும் என்று போட்டிருக்கிறான். பிரெஞ்சுக்காரன் அதை நெருப்பைக் கிளறிவிடுவதற்கு, மூட்டிவிடுவதற்குச் சொன்னான். இங்கிலீஷ்காரன் வாங்கும்போது மயக்குகிற அர்த்தமெல்லாம் முதலில் இல்லை.

"மொதல்ல என்ன அர்த்தம்னா, ஒருத்தரைத் தூண்டிவிடறது. கிளப்பிவிடறது. தப்புக்கோ சண்டைக்கோ. மயக்கறது, ஆசை காட்டறது எல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது" என்றார் அவர். பிறகு புத்தகத்தை மூடினார். "கொள்ளிய உள்ள தள்ளுற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்."

வெச்சுக்கங்களேன். அதே சொல். அன்றைக்கு அந்த வாசலில் இவள் சொன்ன அதே தொனி. நிர்மலா நன்றி சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. படியில் இறங்கும்போது, வெந்நீர் அடுப்பில் மாமியார் விறகை ஒரு தள்ளு தள்ளுவதும், அதுவரை சும்மா புகைந்துகொண்டிருந்தது குப்பென்று பிடித்துக்கொள்வதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. கட்டை அது பாட்டுக்குத்தான் கிடந்தது. நெஞ்சில் எழுதியிருந்த வார்த்தை அது பாட்டுக்குத்தான் இருந்தது, தீபாவளியிலிருந்து.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவில் தன் பங்குப் பனியனைத் தேடி எடுத்தாள். பிரிக்காத மடிப்பு. வீட்டுக்காரி என்கிற கவுரவத்துக்கு அவள் மட்டும்தான் அதைப் போடாமல் வைத்திருந்தவள். மறுநாள் காலை அதைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, மாமியார் பார்க்கப் பார்க்க வாசலைத் தாண்டி நடந்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டில், அருள்புரம் வழியாகப் போகிற பல்லடம் பஸ் ஏறினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சை மறைத்து ஒரு கட்டைப் பையை வைத்துக்கொண்டாள். நாலு ஸ்டாப் போன பிறகுதான் கவனித்தாள். பஸ் முழுக்க நெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை. கண்டக்டர் சட்டைக்குள் ஒன்று தெரிந்தது. எதிரே நின்ற கிழவர் நெஞ்சில் ஒரு மண்டை ஓடும் அதன் கீழே ஒரு வாக்கியமும் இருந்தன. ஒருவரும் ஒருவரையும் படிக்கவில்லை. இந்த ஊரில் எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அன்றைக்குப் படித்துச் சொன்ன ஆள் அவள்தான். பையை மடியில் இறக்கி வைத்தாள்.

அருள்புரத்தில் நல்லம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்து தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், மடியில் ஒரு குவியல் பீஸ். வந்தவளை அடையாளம் தெரிந்தது. அவள் போட்டிருந்ததும் தெரிந்தது. உட்காரச் சொன்னாள், தண்ணி கொடுத்தாள், கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

நிர்மலா எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது அழகாகக் கோத்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளை தங்கம், அது கம்பெனியில் கொடுத்த துணி, எங்கள் காம்பவுண்டில் எல்லாரும் போட்டிருந்தோம், என் மாமியாரே போட்டிருக்கிறாள் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். நல்லம்மாள் நூலை வெட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளும் சேலைக்கு மேலே ஒரு பச்சைப் பனியன் போட்டிருந்தாள். இரண்டு வரி இங்கிலீஷ்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

நிர்மலா படித்தாள். எழுத்தெல்லாம் தெரிந்தது. இரண்டு வார்த்தை தெரிந்தது. மிச்சத்தை நிரப்ப ஏதாவது ஒன்று, நல்லதாக, நல்லம்மாள் மனசு குளிர்கிற மாதிரி ஏதாவது ஒன்று, நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "அன்னைக்கும் தெரியாதுங்க. தெரியாமயேதான் சொன்னேன்."

நல்லம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அந்த வார்த்தைக்காக நான் எந்திரிச்சு வரலம்மா. எனக்கு வார்த்தையா தெரியும்? அந்தப் புள்ளை செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுச்சு. நீங்க அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீக. ஒருத்தியாவது வாயப் பொத்திக்கிடலையே. நாளைக்கு அந்த வாசல்ல நின்னு எம்பையனைப் பத்தி என்ன சிரிப்பீகளோன்னு தோணிச்சு." பீஸ்களை மடியிலிருந்து ஒதுக்கினாள். "இப்பச் சொல்லி என்ன செய்ய? எந்தம்பி மகளை இவனுக்குன்னு பேசி முந்தாநாத்துத்தான் வெத்தல பாக்கு மாத்திட்டு வந்தோம். இவனுக்கு அவ்வளவா மனசில்ல. நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

உள்ளே ஒரு ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. இசக்கிமுத்தாக இருக்க வேண்டும். வெளியே வரவில்லை. நிர்மலா அந்த ஒரு டம்ளர் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அவள் நின்றுகொண்டே வந்தாள்.

அடுத்த நல்ல தண்ணி நாளில் குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். நிர்மலா தன் குடத்தோடு வந்து, வீட்டுக்காரி என்று முன்னால் போகாமல், வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றது விஜயராணி. இடுப்பில் குடத்தோடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீ அன்னைக்குக் கேட்டியே கண்ணு. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. பத்தாவதுல இங்கிலீஷ்ல நான் பெயிலு. பெருமைக்குச் சொல்லி உன்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டேன்."

சாமியாத்தாள் குக்கர் வளையத்தை நினைத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. சின்னத்தாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. விஜயராணி தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தினாள். நிரம்பியதும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. குடத்த வைங்க, தண்ணி வீணாப் போகுது."

அவ்வளவுதான் சொன்னாள். நிர்மலா குடத்தை வைத்தாள்.

இசக்கிமுத்துக்கு வைகாசியில் கோவில்பட்டியில் கல்யாணம் ஆனது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு அருள்புரத்துக்கே திரும்பி வந்தான். குருசாமி குடும்பம் ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்துப் போனது. வண்டியில் சாமான் ஏறும்போது சின்னத்தாய் சாவியைத் தெய்வாத்தாள் கையில்தான் கொடுத்தாள். அந்த ஒற்றை அறையில் இப்போது பீகார்ப் பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் படித்துச் சொல்லச் சொல்லி ஏதாவது ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், நிர்மலா மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரைக் கைகாட்டிவிடுகிறாள்.

விஜயராணிக்கு ரெண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜ்கமல், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். குருசாமி மட்டும் வந்து எட்டு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார். நிர்மலாவுக்கும் வைத்தார். அவள் போகவில்லை, மாமியாரை அனுப்பினாள். தெய்வாத்தாள் பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, யாரும் கேட்காமலே எல்லாம் சொன்னாள். பொண்ணு செக்கிங் சூப்பர்வைசர் ஆயிடுச்சாம். ஊத்துக்குளி ரோட்டுல ரெண்டு ரூம்பு உள்ள ஊடு பாத்திருக்காங்களாம், உள்ளுக்குள்ள கதவு வெச்சது. உன்னைய ஏன் வரலீன்னு அது கேட்டுச்சு, உனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன் என்றாள்.

நிர்மலா சரிங்கத்தை என்று சொல்லிவிட்டு வெந்நீர் அடுப்பில் எரிந்த கொள்ளியை வெளியே இழுத்து அணைக்கப் போனாள்.